பெரும்பாறை மூங்கிலும் தூண்டிற்கோல் தொழிலும்

கீழ்ப்பழநி மலையில், தாண்டிக்குடிச் சாலையில் அமைந்துள்ள பெரும்பாறையைச் சுற்றிக் காப்பியும் மிளகும் மலைவாழையும் பயிராவதை யாவரும் அறிவர். ஆனால், அத்தோட்டங்களின் ஓரங்களிலும் ஓடைக்கரைகளிலும் நிற்கும் மூங்கிலை எவரும் ஒரு பயிராக எண்ணுவதில்லை. ஏணிக்கும் பந்தற்காலுக்கும் வாழைக்கு முட்டுக்கொடுப்பதற்கும் வேண்டியபோது வெட்டிக்கொள்கிறார்கள். எஞ்சியதை வாங்க வரும் வியாபாரி, தூரைப் பார்த்து மொத்தமாக ஒரு விலை சொல்கிறார். சொன்ன விலைக்கே கழி மலையிறங்கிப் போகிறது.

சில காலத்துக்கு முன் இம்மலைப்பகுதியில் நடந்த ஒரு கிராம சபைக் கூட்டத்தின் முடிவில், இளைஞர் ஒருவர் எழுந்து என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். அவர் தம் கையால் செய்த தூண்டிற்கோலைத் தோளில் சாய்த்துக்கொண்டு நிற்கையில், உல்லாசப் பயணி ஒருவர் அதனைக் கண்டு விரும்பி, ரூ. 500 கொடுத்து வாங்கிச் சென்றாராம். “இதையே தொழிலாக வைத்துக்கொள்ளலாமா, ஐயா? வீட்டு நகையை வைத்துக் கடன் வாங்கலாமென்று இருக்கிறேன். இல்லாவிட்டால் திருப்பூருக்குத்தான் போகவேண்டும்” என்றார். விசாரித்துச் சொல்கிறேன் என்று கூறி அனுப்பினேன். விசாரித்ததில் அறிந்தவற்றை அவர் ஒருவருக்கு மட்டும் சொல்வதைவிட, மூங்கில் வளரும் ஊர்களின் ஊராட்சி உறுப்பினர்களுக்கும் உழவர்களுக்கும் சேர்த்தே சொல்வது பயன்தருமென்று இதனை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்வோம். மூங்கிலால் தூண்டிற்கோல் செய்வது சிறுவர் விளையாட்டு என்று நாம் நினைக்கிறோம். உலகம் அப்படி நினைக்கவில்லை. 1840-களில் அமெரிக்காவில், பென்சில்வேனியா மாநிலத்து ஈஸ்டன் நகரில், சாமுவேல் பிலிப்பி என்ற துப்பாக்கிக் கம்மியர் மூங்கிலை மெல்லிய பட்டைகளாகப் பிளந்து, இழைத்து, மீண்டும் ஒன்றாக ஒட்டித் தூண்டிற்கோல் செய்தார். அவருக்குப் பின் 1870-களில் மெய்ன் மாநிலத்தின் பாங்கர் நகரில் ஹைரம் லெனர்டு என்பவர் ஆறு பட்டைகளை ஒட்டிச் செய்யும் கோலைப் பெருந்தொழிலாகவே வளர்த்தார். அவர்கள் கையாண்ட மூங்கில் எங்கிருந்து போயிற்று என்று நினைக்கிறீர்கள்? இந்தியாவிலிருந்து! கல்கத்தாத் துறைமுகத்தில் கப்பலேறியதால் அதற்குக் ‘கல்கத்தாப் பிரம்பு’ என்றே பெயர் வழங்கிற்று. பிரம்பு என்று பெயரிருந்தாலும் அது மூங்கில்தான். நம் நாட்டின் வறண்ட காடுகளில் வளரும் கல் மூங்கில் இனமே பெரும்பாலும் அவ்வாறு சென்றதெனக் கருதுகிறார்கள். உள்ளே துளை சிறுத்து, சில கழிகளில் துளையே இன்றி, கட்டியாக வளர்வது கல் மூங்கில். நம் பக்கத்தில் இதனைத் தடிக்கும் கைப்பிடிகளுக்கும் கையாள்கிறோம்.

அந்த வாணிகம் பின்னர் நம்மை விட்டுப் போயிற்று. கல்கத்தாவிலிருந்து சென்ற கழிகளில் தீச்சூட்டுத் தழும்புகள் இருந்தன. புழு துளைத்தவையும் கலந்திருந்தன. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென்சீனத்தின் குவாங்டுங் மாகாணத்து ‘டோங்கின்’ மூங்கில் அமெரிக்க, ஆங்கிலேயக் கம்மியரின் கைக்கு வந்தது. நேராகவும் கணு இடைவெளி நீண்டும் தரம்பிரித்தும் வந்ததால் அதுவே நிலைத்தது. 1950-இல் அமெரிக்கா சீன வாணிகத்தைத் தடைசெய்தபோது அதுவும் நின்றது. அதற்குள் கண்ணாடியிழைக் கோல்கள் பெருகிவிட்டன, 1970-களில் கரியிழைக் கோல்களும் வந்து சேர்ந்தன. நம்மிடமிருந்து சந்தை போனதற்கு மூங்கிலின் குறை மட்டும் காரணமன்று. வெட்டியவர், காயவைத்தவர், தரம்பிரித்தவர் என்ற பொறுப்பு ஒருவரிடமும் இல்லாமற் போனதும் காரணமென்றே நான் நினைக்கிறேன். பெரும்பாறையில் தூரைப் பார்த்து விலைபேசி ஏற்றும் வழக்கம் அதே பழைய வழக்கம்தான்.

ஜப்பானிய ஊர் ஒன்று

நமக்கு நெருங்கிய உதாரணத்தைத் தேடினால் ஜப்பானுக்குப் போகவேண்டியிருக்கிறது. அங்கு வாகயாமா மாவட்டத்தில் ஹஷிமோட்டோ என்றொரு மலையடிவார நகரம் உண்டு. குளங்களில் வாழும் ‘ஹெரா’ என்னும் கெண்டை இன மீனைப் பிடிப்பதற்கான மூங்கில் கோல்களை அவ்வூர்க் கம்மியர் கையாலேயே செய்கிறார்கள். ஒரே கோலின் அடிப்பகுதிக்கு ஒரு மூங்கிலும் நடுப்பகுதிக்கு ஒன்றும் நுனிக்கு ஒன்றுமாக வேறுவேறு இனங்களைத் தேர்ந்து, ஒன்றன் வாய்க்குள் ஒன்று செருகுமாறு அமைக்கிறார்கள். இளையவர் மூத்த கம்மியரிடம் ஆண்டுக்கணக்கில் இருந்து தொழில் பழகி, பிறகே தமக்கென ஒரு முத்திரைப் பெயர் பெற்றுக் கோலில் பொறிக்கிறார். 2013-இல் அந்நாட்டு அரசு இதனை மரபுக் கைவினைப் பொருளாக அறிவித்தது. கண்ணாடியிழைக் கோல் கடைதோறும் மலிவாகக் கிடைக்கும் நாட்டில் இத்தொழில் நிற்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். விலைக்குப் போட்டியிட்டு அது நிற்கவில்லை. இன்னார் செய்தது, இன்ன குளத்து மீனுக்குச் செய்தது என்ற நம்பிக்கையால் நிற்கிறது.

இலட்சத்தீவுகளின் மினிக்காய்த் தீவில் சூரை மீனை மூங்கில் கோலால் பிடிப்பதையும் இங்கு நினைவுகூரலாம். நாம் சம்பலுக்கு இடிக்கும் மாசிக் கருவாடு அவ்வகை மீன்பிடிப்பில் விளைந்ததே. ஆனால், அங்கு வேண்டுவது ஒரே அளவான, பருத்த, உறுதியான கோல். ஆளுக்கேற்றுச் செய்யும் வேலைக்கு அங்கு இடம் குறைவு.

கழி கோலாகும் விதம்

தொழிலில் இறங்க நினைப்போர் செய்முறையில் மூன்று இடங்களில் கவனம் வைத்தால் போதும். வெட்டுவதும் காயவைப்பதும் நிமிர்த்துவதுமே அவை. மற்றவை கை பழகப் பழகத் தாமே வரும்.

மூன்று ஆண்டுகட்குக் குறைந்த கழி உதவாது. இளங்கழி வெட்டும்போது நேராயிருந்து, காய்ந்தபின் சுருங்கிக் கோணும். மழைக்காலம் முடிந்து, மூங்கிலில் மாவுச்சத்து குறைந்திருக்கும் பனிக்காலத்தில் வெட்ட வேண்டும். முதியோர் அமாவாசையை ஒட்டி வெட்டுவார்கள். அமாவாசையின் பயன் எவ்வளவோ, பருவத்தின் பயன் ஐயமற்றது. மாவுச்சத்தைத் தின்னவே வண்டு வருகிறது. வண்டு துளைத்த கழியிலிருந்து வெண்பொடி உதிர்வதை நம் வீட்டு ஏணிகளில் எல்லோரும் பார்த்திருக்கிறோம். வெட்டிய கழியைச் சில வாரங்கள் ஓடும் நீரில் ஊறப்போடுவது பழைய முறை. போராக்சும் போரிக் அமிலமும் கரைத்த நீரில் ஊறவைப்பது இன்றைய முறை. இரண்டில் ஒன்றையாவது செய்யாத கழியை விற்பனைக்கு எடுக்கவே கூடாது.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. முன்பு நான் பணியாற்றிய வேறோர் ஒன்றியத்தில், மூங்கில் வேலை செய்யும் குழுவொன்றுக்கு ஊக்கமளித்து, முப்பது பொருள்களை ஒரு கடையில் விற்றபின் பணம் என்ற ஏற்பாட்டில் வைக்கச் செய்தேன். அவசரத்தில் பதப்படுத்தாத கழியிலேயே வேலை முடிந்துவிட்டது. நான்கு மாதங்களுக்குப் பின் கடைக்காரர் பத்தொன்பதைத் திருப்பியனுப்பினார். எடுத்துத் தட்டினால் பொடி கொட்டியது. குழுவிலிருந்த பெண்கள் என்னை ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த கூட்டத்துக்கு அவர்கள் வரவுமில்லை.

பதமான கழியைக் கூரையின்கீழ் நிழலில், நிறுத்தியோ பரணில் கிடத்தியோ இரண்டு மூன்று மாதங்கள் உலரவிட வேண்டும். வெயிலில் போட்டால் வெடிக்கும். உலர்ந்தபின் தணலில் காட்டி, மெல்லச் சுழற்றி, தோல் எண்ணெய்ப் பசையுடன் மினுங்கும் தருணத்தில் வளைவை அழுத்தி நிமிர்த்தி, ஈரத்துணியால் துடைத்து ஆறவைக்க வேண்டும். தழும்பு விழும்படி சுட்டால் அவ்விடத்தில் நார் இறந்துவிடும். பெரிய மீன் இழுக்கையில் அங்கேதான் ஒடியும். மூங்கிலின் வலிமை அதன் புறத்தோலை ஒட்டிய நாரில் இருப்பதால், அழகுக்காகத் தோலைச் சீவுவதும் தவறு. கணுமேட்டை மட்டும் இலேசாக அராவலாம்.

ஒவ்வொரு கழிக்கும் எளிதில் வளையும் பக்கம் ஒன்று உண்டு. நுனியைத் தரையில் ஊன்றி உள்ளங்கையால் உருட்டிப் பார்த்தால் தானாகவே ஒரு பக்கம் திரும்பி நிற்கும். அதனை அறிந்து குறித்துக்கொண்டு, பிடியை அதற்கேற்ப அமைக்க வேண்டும். செய்து முடித்த கோலின் நுனியில் அரைக்கிலோ எடைக்கல்லைக் கட்டி, வளையும் அளவைச் சுவரில் கோடிட்டுக் குறிப்பதும் நல்ல வழக்கம். கல்லை அவிழ்த்தபின் பழைய நேருக்குத் திரும்பாத கோலை விற்கக்கூடாது. வீட்டில் துணி உலர்த்த வைத்துக்கொள்ளலாம்.

இனி, மலையிலிருந்து போகும் பொருளுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. பத்தடிக் கோலைப் பேருந்தில் ஏற்ற நடத்துநர் சம்மதிப்பதில்லை, பார்சலிலும் செல்லாது. ஆகவே, கோலை இரண்டாகவோ மூன்றாகவோ துண்டித்துப் பித்தளைப் பூண் இட்டு இணைக்குமாறு செய்தாக வேண்டும். பூண் இடுமிடத்தில் நூல் சுற்றி வார்னிஷ் பூசாவிட்டால் மூங்கில் வாய் பிளக்கும். கோலின் உறையைச் சின்னாளப்பட்டிக் கைத்தறித் துணியில் தைத்துக் கொடுத்தால் பார்வைக்கும் நன்று. பக்கத்து ஊருக்கும் சிறிது வேலை. ஆறு பட்டை ஒட்டும் கோலைத் தொடக்கத்தில் எவரும் முயலவேண்டியதில்லை. ஒவ்வொரு பட்டையையும் அறுபது பாகைக் கோணத்தில், நுனி நோக்கிச் சீராக மெலியுமாறு இழைப்பது ஆண்டுக்கணக்கான பயிற்சி கோருவது.

ரூ. 500 இலாபமா?

அந்த இளைஞரின் கணக்குக்கு வருவோம். அவர் விற்றது பூணோ உறையோ இல்லாத வெறுங்கோல். கழியும் தம் வீட்டோரத்தில் வெட்டியது. எனவே, ரூ. 500-ம் இலாபமென்று தோன்றியது. தொழிலாகச் செய்யும்போது கணக்கு வேறு. உதாரணத்துக்காக மட்டும் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தொகைகளை அவரவர் ஊர் விலைக்கேற்ப மாற்றிக்கொள்க. பதப்படுத்திய கழிக்கு ரூ. 60, பூணுக்கு ரூ. 80, நூல், வார்னிஷ், பசைக்கு ரூ. 50, தங்கூசி, தக்கை, முள், ஈயக்குண்டு ஆகியவற்றுக்கு ரூ. 60, உறைக்கு ரூ. 50 என்றால் பொருட்செலவு ரூ. 300. பல நாட்களில் சிதறிச் செய்தாலும் ஒரு கோலுக்கு ஒருநாள் உழைப்பு ஆகிறது, அதற்கு ரூ. 500 வைத்தால் ரூ. 800. ஐந்து கழியில் ஒன்று நிமிர்த்தும்போது வெடித்தால், அதற்கான கழிவிலையும் அரைநாட் கூலியுமாகிய ரூ. 310-ஐ எஞ்சிய நான்கின்மேல் ஏற்ற வேண்டும். கோலுக்கு ஏறத்தாழ ரூ. 78. ஆக அடக்கவிலை ரூ. 878. கடைக்காரர் விற்பனைவிலையில் நூற்றுக்கு இருபத்தைந்து எடுத்துக்கொண்டால், ரூ. 1,171-க்குக் குறைத்து விற்பது நட்டம்.

தம் கூலியைக் கணக்கில் சேர்க்காதவரே நம் நாட்டில் மலிவாக விற்கிறார்கள். அதனை இலாபமென்று எண்ணியே பல கைத்தொழில்கள் அழிந்தன.

அப்படியானால் ரூ. 1,200-க்கு மேல் விலை சொல்லும் கோலை யார் வாங்குவார்? கடைகளில் மடக்கிக் குறுக்கும் கண்ணாடியிழைக் கோல் அதனினும் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. அணைகளில் தூண்டிலிட்டுப் பிழைப்போர் நிச்சயமாக நம்மிடம் வாங்கமாட்டார்கள். அவர்களுக்குத் தாமே வெட்டிக்கொள்ளும் கம்பே போதும். கொடைக்கானலுக்கு வரும் குடும்பத்தினர் குழந்தைகளுக்காகச் சிறிய கோல் வாங்கலாம். ஆனால், அவர்கள் பேரம் பேசும் பொருள் அது. உண்மையான வாடிக்கையாளர் சென்னை, கோவை, பெங்களூரு போன்ற நகரங்களில் இருக்கும், மீன்பிடித்தலைப் பொழுதுபோக்காகக் கொண்டவர். அவர் தொகையில் சிலரே. ஆனால், ஒருவர் வாங்கி மகிழ்ந்தால் நான்கு பேரிடம் சொல்வார். தம் அளவுக்கென்று செய்த கோலை அவர் கடையில் பெற முடியாது, நம்மிடம் பெறலாம்.

அளவுக்குச் செய்வது என்றால் என்ன? தையற்காரர் உடலை அளப்பதுபோலக் கேள்விகளால் அளப்பதுதான். எந்த நீரில் பிடிப்பீர்கள், குளமா, அணையா, ஆறா? கரையில் நின்றா, பரிசலிலிருந்தா? விராலுக்கா, ஜிலேபிக் கெண்டைக்கா, கட்லாவுக்கா? உங்கள் உயரம் என்ன, வலக்கையா இடக்கையா, எந்த வண்டியில் எடுத்துச் செல்வீர்கள்? விரால் புல்லுக்குள் பாய்ந்து ஒளிவதாதலால் அதற்குக் குறுகிய, விறைப்பான கோல் வேண்டும். கெண்டைக்கு நுனி மென்மையாயிருந்தால் தக்கையின் சிற்றசைவும் கைக்குத் தெரியும். இவ்விடைகளை ஒரு குறிப்பேட்டில் எழுதி, கோலுக்கு எண்ணிட்டு, அதே எண்ணைப் பிடியருகே பொறித்து, சுவரில் கண்ட வளைவளவையும் சேர்த்துக் குறித்துவைத்தால், மூன்றாண்டு கழித்து அவர் “அதே போல் இன்னொன்று” என்று கேட்டாலும் செய்து கொடுக்கலாம். நுனி ஒடிந்தால் நுனியை மட்டும் மாற்றித் தருவோம் என்ற உறுதி, விளம்பரப் பலகையைவிட மேலானது. பாதித்தொகையை முன்பணமாகப் பெற்றே வேலை தொடங்க வேண்டும். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். கல்யாணச் சமையற்காரர்கூட முன்பணமின்றி அடுப்புப் பற்றவைப்பதில்லை.

கைபேசி வழியாக விற்க விரும்புவோருக்கு ஒரு செய்தி. சரக்கு விற்பனையில் ஜி.எஸ்.டி. பதிவுக்கான வரம்பை எட்டாத சிறு விற்பனையாளர்களும், 2023 அக்டோபர் 1 முதல், பதிவெண் இன்றியே இணைய விற்பனை நிறுவனங்கள் மூலம் தம் மாநிலத்துக்குள் விற்கலாம். அதற்கென ஒரு சேர்க்கை எண் மட்டும் பெறவேண்டும். பெங்களூருக்கு இவ்வழியில் அனுப்ப இயலாது என்பதை நினைவிற்கொள்க. கோலின் படத்தைவிட, எடைக்கல் தொங்க அது வளைந்து நிற்கும் படம் வாங்குவோருக்கு அதிகம் சொல்லும்.

சட்டம் சொல்வது

மூங்கில் மரமன்று, புல்லே என்று 2017-இல் மத்திய அரசு 1927-ஆம் ஆண்டு வனச்சட்டத்தைத் திருத்தி, காடல்லாத நிலத்தில் வளரும் மூங்கிலுக்கு விலக்களித்ததைப் பத்திரிகைகளில் பலர் படித்திருப்பர். அதனை நம்பி உடனே அரிவாள் எடுக்கலாகாது. நம் மாநிலத்தில் நடைமுறையிலுள்ளது 1882-ஆம் ஆண்டின் தனி வனச்சட்டம். மலைப்பகுதிகளில் மரம் வெட்டுவதைக் கட்டுப்படுத்த 1955-ஆம் ஆண்டுச் சட்டமும் உண்டு. ஆதலால், பட்டா நிலத்து மூங்கிலேயாயினும் வெட்டி வெளியூர் அனுப்புமுன் வனச்சரக அலுவலரிடம் எழுத்து மூலம் கேட்டு, எழுத்து மூலமே பதில் பெறுதல் நலம். பளியர் முதலிய பழங்குடியினரைப் பொறுத்தவரை, 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் மூங்கிலைச் சிறு வனப்பொருளாகவே குறிப்பிடுகிறது. உரிமை முறைப்படி ஏற்கப்பட்டிருந்தால் அவர்கள் சேகரித்து விற்கலாம். அவ்வுரிமை மனுக்களைக் கிராம சபையே தொடங்கிவைக்க வேண்டும் என்பதை ஊராட்சி உறுப்பினர்கள் மறக்கலாகாது. என் அனுபவத்தில், இம்மனுக்கள் காகிதக் குறையால் தேங்குவதே அதிகம்.

கோல் வாங்கியவர் அதனை எங்கு வீசுவார் என்பதும் நம் கவலையே. 2013-இல் கொடைக்கானல் வனவுயிர்ச் சரணாலயம் அறிவிக்கப்பட்டபின், அதனுள் அடங்கிய ஓடைகளிலும் நீர்நிலைகளிலும் மனம்போல் தூண்டிலிட முடியாது. “காட்டு ஓடையில் நல்ல மீன் இருக்கிறது” என்று பயணிக்கு வழிகாட்டும் விற்பனையாளர், அவரையும் தம்மையும் ஒருங்கே வழக்கில் மாட்டிவைப்பார். அணைகளில் மீன்துறையின் அனுமதி வேண்டும்.

மாறாக, ஊராட்சிகளின் கையிலேயே ஒரு வழி உண்டு. மீன்பாசி ஏலம் விடும் குளங்களில், மாதத்தில் சில நாட்கள் கட்டணம் பெற்றுக்கொண்டு தூண்டிலிட அனுமதிக்கக் குத்தகைதாரரை இசைவிக்கலாம். ஏல நிபந்தனைகளிலேயே அதனைச் சேர்த்துவிட்டால் பின்னர் சச்சரவு எழாது. மலையடிவாரத்துக் குளத்தில் ஒரு நாள், மலைமேல் செய்த கோலுடன், என்று நகரத்தாரை அழைத்தால் வருவார்கள் என்பது என் எண்ணம். வாங்கிய இடத்திலேயே பயன்படுத்திப் பார்க்கக் குளம் கிடைக்காததால்தான் இப்பொருள் அலங்காரமாகச் சுவரில் தொங்கிவிடுகிறது.

இளைஞருக்கு நான் சொன்ன விடை இது: நகையை வைக்க வேண்டாம். திருப்பூருக்குப் போவதையும் இத்தொழிலை நம்பி நிறுத்த வேண்டாம். முதலாண்டில் பன்னிரண்டு கோல்கள் மட்டும் செய்யுங்கள். வாளும் அரமும் தணற்சட்டியும் வீட்டிலேயே இருக்கின்றன. பன்னிரண்டில் எட்டாவது அடக்கவிலைக்கு மேல் விற்றால், அப்போது மாவட்டத் தொழில் மையத்துக்கு நாமிருவரும் சேர்ந்து போவோம். கைவினைஞர்க்கு மானியத்துடன் கடன் வழங்க 2025-இல் மாநில அரசு தொடங்கிய கலைஞர் கைவினைத் திட்டம் போன்றவற்றில் இத்தொழில் அடங்குமா என்று அங்கே கேட்டறியலாம். இதனால் பெரும்பாறை முழுதும் வாழும் என்று சொல்லமாட்டேன். இரண்டு மூன்று குடும்பங்களுக்குக் காப்பிப் பறிப்பு ஓய்ந்த மாதங்களில் கூலி கிடைக்கும், அவ்வளவே.

அவர் திருப்பூருக்குப் போகவில்லை. காப்பித் தோட்டத்தில் பறிப்பு வேலைக்குப் போய்க்கொண்டே தை மாதத்தில் இருபது கழிகள் வெட்டினார். ஓடையில் ஊறியபின் இப்போது அவை அவர் வீட்டுப் பரணில் உலர்கின்றன. சென்ற வாரம் பார்க்கப் போனேன். மூன்று கழிகள் கோணியிருப்பதைக் காட்டி, அவை ஈராண்டுக் கழிகள், தெரியாமல் வெட்டிவிட்டேன் என்றார். எஞ்சிய பதினேழையும் சித்திரையில் தணலில் காட்டப் போகிறாராம்.